பேஸ் கிட்டார் பிக்கப்பில் நியோடிமியம் காந்தம்: தேர்வு முதல் சுருதிச் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நியோடிமியம் காந்தம் வலிமையானது, ஆகவே அதைப் பிக்கப்பில், அதாவது தந்தியின் அசைவை மின்குறிகையாக மாற்றும் கருவியில், வைத்தால் ஒலி உரத்து வரும் என்ற எண்ணத்தில்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அந்த எண்ணத்தோடு பழைய காந்தத் தண்டுகள் இருந்த இடத்தில் அதே அளவுள்ள நியோடிமியம் தண்டுகளைச் செருகினால், ஒலி கூடுவதற்கு முன்பே சுருதி கெட்டுவிடும். இந்தக் காந்தத்தின் உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. மிகச் சிறிய வில்லையே போதுமான புலத்தைத் தருவதால், அதைத் தந்தியிலிருந்து தள்ளி வைக்கலாம்; கம்பிச்சுருளின் நடுப்பகுதியைக் கிட்டத்தட்ட வெறுமையாக விடலாம். வலிமையைத் தூரமாகச் செலவழிப்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. கீழே வரும் படிகள் எல்லாம் நான்கு தந்திகள் கொண்ட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸின் பிளவுச்சுருள் பிக்கப்பை (சுருள் இரண்டு பாதிகளாகப் பிரிந்தது) மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஃபெண்டரின் இன்னொரு மாதிரியான ஜாஸ் பேஸுக்கு எங்கே மாறுபடும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

பிக்கப்பில் காந்தம் என்ன செய்கிறது

காந்தம் நேரடியாக ஒலியை உண்டாக்குவதில்லை. அது இரும்பு கலந்த தந்தியின் ஒரு சிறு பகுதியைக் காந்தமாக்குகிறது. காந்தமான அந்தப் பகுதி அசையும்போது சுருளுக்குள் பாயும் காந்தப்பாயம் மாறுகிறது. அந்த மாற்றமே மின்னழுத்தமாக வெளிவருகிறது. ஆகவே நமக்குக் கணக்கில் வர வேண்டியது காந்தத்தின் முகத்தில் உள்ள புலம் அல்ல, தந்தி இருக்கும் உயரத்தில் உள்ள புலம்.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோதும், 1957-இல் அதன் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தபோதும், 1960-இல் ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தபோதும் கையில் இருந்தது அல்னிகோ. அலுமினியம், நிக்கல், கோபால்ட், இரும்பு ஆகியவை கலந்த அந்த உலோகக் கலவையின் ஐந்தாம் வகைக்குக் காந்தத் தேக்குத்திறன் (ஏற்றிய காந்தத்தைத் தக்கவைக்கும் அளவு) அதிகம், 1.2 டெஸ்லாவுக்கு மேல். ஆனால் காந்த நீக்குவிசை, அதாவது எதிர்ப்புலத்தைத் தாங்கிக் காந்தத்தை இழக்காமல் நிற்கும் திறன், மிகக் குறைவு. குட்டையான அல்னிகோ தன் புலத்தாலேயே தன் காந்தத்தை இழந்துவிடும் என்பதால்தான் அதை நீண்ட தண்டாகச் செய்ய வேண்டியிருந்தது. அருமண் காந்தங்கள் பின்னால் வந்தவை. சமாரியம் கோபால்ட் 1960-களில் அமெரிக்காவில் உருவானது. நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தை ஜப்பானின் சுமிடோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் 1980-களின் தொடக்கத்தில் தனித்தனியே உருவாக்கின. கிட்டார் உலகில் இவற்றைப் பயன்படுத்தியவர்கள் உண்டு: பில் லாரன்ஸ் ஃபெண்டருக்காக வடிவமைத்த சமாரியம் கோபால்ட் பிக்கப்புகளும், கியூ-டியூனர் என்ற பெயரில் வந்த நியோடிமியம் பேஸ் பிக்கப்புகளும் நன்கு அறியப்பட்டவை.

அல்னிகோவை எடுத்துவிட்டு நியோடிமியத்தை வைக்கும்போது புலத்தோடு இன்னொன்றும் மாறுகிறது. அல்னிகோவின் காந்த உட்புகுதிறன் (காந்தப்பாயத்தைத் தன்னுள் எளிதில் செல்லவிடும் தன்மை) காற்றினுடையதைப் போலச் சில மடங்கு. நியோடிமியத்தினுடையது ஏறக்குறைய காற்றுக்குச் சமம், அதாவது 1.05 அளவு. எனவே சுருளின் மின்தூண்டல் குறைகிறது, ஒத்ததிர்வு அதிர்வெண் (பிக்கப் மிக வலுவாகப் பதிலளிக்கும் அதிர்வெண்) மேலே ஏறுகிறது. எடுத்துக்காட்டாக, 5 ஹென்றி சுருளும், கேபிளையும் சேர்த்து 700 பிக்கோஃபாரட் மின்தேக்கமும் இருந்தால் ஒத்ததிர்வு 2700 ஹெர்ட்ஸ் அருகில் நிற்கும். அதே சுருள் 4 ஹென்றியாகக் குறைந்தால் 3000 ஹெர்ட்ஸுக்குப் போகும். மேலும் நியோடிமியத்தின் மின்தடை அல்னிகோவினுடையதைவிட அதிகம் என்பதால் காந்த உலோகத்துக்குள் சுழலும் மின்னோட்டத்தால் வரும் இழப்பும் குறைவு. நியோடிமியம் வைத்த பிக்கப் தெளிவாகவும் கூர்மையாகவும் ஒலிக்கிறது என்று வாசிப்பவர்கள் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். காந்தத்தின் வலிமைக்கு அதில் பங்கு குறைவு.

எந்தப் பிக்கப்பை எடுத்துக்கொள்வது

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பழைய ஃபெண்டர் முறையில் செய்த பிக்கப்பில் தனியாக பாபின் (கம்பி சுற்றும் சட்டம்) கிடையாது. மேலும் கீழும் இரண்டு நார்த்தகடுகள், நடுவில் காந்தத் தண்டுகள், அந்தத் தண்டுகளின் மேலேயே சுற்றிய முடி போன்ற கம்பி, அவ்வளவுதான். அந்தத் தண்டைத் தட்டி வெளியே தள்ளினால் அதை ஒட்டியிருக்கும் உட்சுற்றுகள் அறுந்துவிடும். பிக்கப் அத்தோடு போயிற்று. ஆகவே நல்ல அல்னிகோ பிக்கப்பை இதற்குப் பலிகொடுக்க வேண்டாம்.

தேவைப்படுவது, பிளாஸ்டிக் பாபினில் எஃகுத் தண்டுகள் செருகி, அடியில் ஃபெரைட் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும் மலிவான பிக்கப். விலை குறைந்த பேஸ்களில் இத்தகையவை நிறைய வருகின்றன. பாபினைப் பக்கவாட்டில் பார்த்து, ஒவ்வொரு தண்டையும் சுற்றிப் பிளாஸ்டிக் குழலோ, எல்லாவற்றையும் சேர்த்து மூடும் பிளாஸ்டிக் சுவரோ இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கம்பி பிளாஸ்டிக்கின் மேல் சுற்றப்பட்டிருந்தால் தண்டைப் பயமின்றி வெளியே எடுக்கலாம்.

முதல் படி: இருப்பதை அளந்து எழுதிவைத்தல்

எதையும் பிரிப்பதற்கு முன் மூன்று அளவுகள் வேண்டும். மல்டிமீட்டரில் ஒவ்வொரு பாதியின் மின்தடையையும் தனித்தனியே பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும், மொத்தம் 10 அல்லது 11 கிலோ ஓம் அருகில் வருவது வழக்கம். அடுத்து, தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைக் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் கடைசியில் தந்தியை அழுத்திப் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது காந்தப்புலம். இதற்குக் காஸ் மீட்டர் (காஸ் என்ற அலகில் புலத்தை அளக்கும் கருவி; 10,000 காஸ் ஒரு டெஸ்லா) வாங்க வேண்டியதில்லை. காந்தப்புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் எஸ்எஸ்49ஈ என்ற மூன்று கால் ஹால் சென்சாரும், 5 வோல்ட் மின்சாரமும், மல்டிமீட்டரும் போதும். காந்தம் அருகில் இல்லாதபோது அதன் வெளியீடு 2.5 வோல்ட் அளவில் நிற்கும். ஒரு காஸுக்கு ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் ஏறும் அல்லது இறங்கும். 2.5 வோல்ட்டிலிருந்து 300 மில்லிவோல்ட் நகர்ந்தால் புலம் 215 காஸ் அருகில் இருக்கிறது என்று கொள்ளலாம். இந்த சென்சார் 1000 காஸுக்கு மேல் நம்பத்தக்கதல்ல. எனவே தண்டின் முகத்தில் வைக்காமல், தந்தி இருக்கும் உயரத்தில் வைத்து அளக்க வேண்டும். நமக்கு வேண்டிய அளவும் அதுதான். கைபேசியில் உள்ள காந்தமானி பூமியின் புலத்தை அளக்கச் செய்யப்பட்டது. இந்த வேலைக்கு அது உதவாது.

இரண்டாம் படி: காந்தத்தைத் தேர்ந்தெடுத்தல்

N35, N42, N52 என்று வகைகள் கிடைக்கும். எண் கூடக் கூட வலிமை கூடும். N52 வாங்குவதில் எந்தப் பயனும் இல்லை. தள்ளி வைக்கப்போகும் காந்தத்துக்கு N35-உம் N42-உம் தாராளம். எழுத்து ஏதும் சேராத சாதாரண வகை 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். எம் என்று முடிவது 100, எச் என்று முடிவது 120, எஸ்எச் என்று முடிவது 150 டிகிரி வரை தாங்கும். வெப்பத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பவர்கள் 250 டிகிரியிலும் அசராத சமாரியம் கோபால்டை வாங்கலாம். விலை கூடுதல், எளிதில் நொறுங்கும்.

அளவுதான் முக்கியம். 5 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள N42 வில்லை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மையக்கோட்டில் புலம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். முகத்தைத் தொட்ட இடத்தில் 5000 காஸ். 3 மி.மீ. தள்ளினால் 1000 காஸ். 5 மி.மீ.-இல் 390, 6 மி.மீ.-இல் 260, 7 மி.மீ.-இல் 185, 10 மி.மீ.-இல் 77 காஸ். முகத்தில் 1000 காஸ் காட்டும் வழக்கமான அல்னிகோ தண்டு, 3 மி.மீ. உயரத்தில் நிற்கும் தந்திக்குத் தருவது ஏறத்தாழ 200 முதல் 250 காஸ்தான். அதாவது இந்தச் சிறிய வில்லையைத் தந்தியிலிருந்து ஆறரை மி.மீ. தள்ளி, பாபினின் மேற்பரப்புக்குக் கீழே மூன்றரை மி.மீ. ஆழத்தில் புதைத்தாலே அல்னிகோவின் வேலை முடிந்துவிடுகிறது. பாபினின் துளை சிறியதாக இருந்து 4 மி.மீ. வில்லைதான் நுழையும் என்றால், அதே தடிமனில் ஐந்தரை மி.மீ. தூரம் சரியாக வரும்.

நான்கு தந்திகளுக்கும் தந்திக்கு இரண்டு வீதம் எட்டு வில்லைகள் வேண்டும். உடைவதற்கும் ஓடி ஒட்டிக்கொள்வதற்கும் சேர்த்து ஒரு டஜன் வாங்குங்கள். நிக்கல் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். பூச்சு உரிந்தால் இந்தக் காந்தம் துருப்பிடித்துப் பொடியாகும்.

பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நியோடிமியத்தைத் துளையிடுவதோ, அரத்தால் தேய்ப்பதோ, அறுப்பதோ கூடாது. அதன் தூள் எளிதில் தீப்பற்றும். இரண்டு வில்லைகள் பாய்ந்து மோதினால் சில்லு தெறிக்கும், ஆகவே கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். குழந்தைகள் எட்டும் இடத்தில் ஒரு வில்லைகூடக் கிடக்கக் கூடாது: விழுங்கிய இரண்டு வில்லைகள் குடலின் சுவர்களை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும், அது உயிருக்கு ஆபத்து. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

மூன்றாம் படி: துருவங்களைக் குறித்தல்

வாங்கிய வில்லைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு கோலாக நிற்கும். அந்த நிலையில் எல்லா வில்லைகளின் வடதுருவமும் ஒரே பக்கம் பார்த்திருக்கும் என்பது நமக்குப் பெரிய வசதி. மேல் முகத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்த வில்லையைப் பக்கவாட்டில் வழுக்கி எடுத்து, அடுத்ததில் புள்ளி வைத்து எடுங்கள். நேராக இழுத்துப் பிரிக்கப் பார்த்தால் நகம்தான் போகும். எடுத்த ஒவ்வொன்றையும் ஒரு சாண் இடைவெளி விட்டு மரப்பலகையில் வையுங்கள். மேசையில் இரும்புத்தூள் இருக்கக் கூடாது. ஒருமுறை ஒட்டிய தூளை ஊதியோ துடைத்தோ எடுக்க முடியாது, ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தித்தான் எடுக்க வேண்டும்.

பழைய பிக்கப்பின் துருவத்தைத் திசைகாட்டியால் பார்க்கலாம். ஆனால் அந்தத் திசைகாட்டியை நியோடிமியத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள். ஊசியே மறுபடி காந்தமாகித் தலைகீழாகத் திரும்பிவிடும், பிறகு அது காட்டுவதெல்லாம் எதிர்த்திசை. வில்லைகளை ஹால் சென்சாரால் சோதிப்பதே நல்லது: மின்னழுத்தம் ஏறினால் ஒரு துருவம், இறங்கினால் மற்றது.

பிரிசிஷன் பேஸ் பிக்கப்பில் ஒரு பாதியின் நான்கு தண்டுகளும் வடதுருவத்தை மேலே காட்டும், மறுபாதியின் நான்கும் தென்துருவத்தைக் காட்டும். ஹம் எனப்படும் இரைச்சலை அடக்குவது சுருள்கள் எதிரெதிராக இணைக்கப்பட்டிருப்பதுதான், அதில் காந்தத்துக்கு வேலை இல்லை. எனவே ஒரு பாதியின் நான்கையும் சேர்த்து மாற்றிவைத்தாலும் இரைச்சல் அதிகரிக்காது. ஆனால் ஒரே தந்தியின் இருபுறமும் உள்ள இரண்டு வில்லைகளில் ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால், இரண்டின் குறிகையும் ஒன்றையொன்று அழித்து அந்தத் தந்தி ஏறக்குறைய ஊமையாகிவிடும். வேலை முடிந்தபின் ஒரு தந்தி மட்டும் கேட்கவில்லை என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஜாஸ் பேஸில் ஒரே தந்தியை இரண்டு பிக்கப்புகள் கேட்பதால், ஒரு பிக்கப்பின் துருவம் முழுவதும் மாறினாலும் இரண்டையும் சேர்த்துத் திறக்கும்போது ஒலி மெலிந்து, அடிக்குரல் இல்லாமல் போகும்.

நான்காம் படி: காந்தத்தைப் பொருத்துதல்

சால்டரிங் வேலை ஏதாவது இருந்தால், காந்தத்தை வைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சூடான சால்டரிங் அயர்னின் முனையைக் காந்தம் இழுத்துக்கொள்வது ஒரு தொல்லை. அந்த வெப்பம் காந்தத்தைக் கெடுப்பது அதைவிடப் பெரிய தொல்லை.

பழைய ஃபெரைட் பட்டையை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நெம்பி எடுங்கள். இதற்கு மேல் இரண்டு வழிகள் உள்ளன. எஃகுத் தண்டுகளை அப்படியே விட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வில்லையை ஒட்டுவது முதல் வழி. இதில் எஃகு உள்ளே இருப்பதால் மின்தூண்டல் குறையாது, பழைய ஒலியின் தடிப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். புலம் மட்டும் மாறும். 1 மி.மீ. தடிமனுள்ள வில்லையில் தொடங்கி, தந்தியின் உயரத்தில் அளந்து பார்த்து, போதாவிட்டால் மட்டும் இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். கூடிவிட்டால் தண்டுக்கும் வில்லைக்கும் நடுவே அட்டைத்துண்டு வைத்துக் குறைக்கலாம். எளிய வழிதான், ஆனால் நியோடிமியம் தரக்கூடிய சுதந்திரத்தில் பாதிகூட இதில் கிடைக்காது.

இரண்டாம் வழியில் எஃகுத் தண்டுகளை அடியிலிருந்து மெதுவாகத் தள்ளி எடுத்துவிட வேண்டும். துளை காலியானதும், அதில் இறுக்கமாக நுழையும்படி மூங்கில் குச்சியையோ மரக் குச்சியையோ உப்புத்தாளில் தேய்த்து எட்டுத் துண்டுகள் செய்துகொள்ளுங்கள். துண்டின் உச்சியில் ஒரு துளி அரால்டைட் வைத்து வில்லையை ஒட்டிக் காயவிடுங்கள். ஃபெவிக்விக் போன்ற பசை வேகமாக ஒட்டும் என்றாலும் அதிர்விலும் சூட்டிலும் விட்டுப்போகக் கூடியது. காய்ந்தபின் குச்சியை அடியிலிருந்து உள்ளே செலுத்தி, வில்லையின் முகம் முதலில் மேற்பரப்பிலிருந்து 4 மி.மீ. ஆழத்தில் நிற்கும்படி நிறுத்துங்கள். ஆழத்தை மேலிருந்து பல்குச்சியை விட்டு அளக்கலாம். இரும்பு ஸ்க்ரூடிரைவரை அருகே கொண்டுவந்தால் வில்லை குச்சியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து அதில் ஒட்டும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் கருவியே இதற்கு ஏற்றது.

இந்த முறையின் அருமை, ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியே ஏற்றி இறக்கலாம் என்பதுதான். அல்னிகோ பிக்கப்பில் ஒரு தந்தி மட்டும் அடங்கி ஒலித்தால் பிக்கப்பைச் சாய்த்துச் சமாளிப்போம். இங்கே அந்தத் தந்தியின் இரண்டு வில்லைகளை மட்டும் அரை மி.மீ. மேலே தள்ளினால் போதும். அந்த அரை மி.மீ. காதுக்குத் தெளிவாகத் தெரியும். அதனால்தான் கடைசிச் சோதனை முடியும்வரை குச்சிகளைப் பசையால் நிலைப்படுத்த வேண்டாம் என்கிறேன்.

எஃகு போய்விட்டதால் வெளியீடு சற்றுக் குறையும். அது வேண்டாம் என்றால் சுருளில் சுற்றுகளைக் கூட்டலாம்; மின்தூண்டல் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதால், 10 சதவீதம் கூட்டினால் அது 21 சதவீதம் ஏறும். இரண்டு பாதிகளிலும் ஒரே அளவில் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஹம் அடங்காது. கைவசம் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) போதுமான கெயின், அதாவது பெருக்கும் திறன், இருந்தால் இந்த வேலையை எடுத்துக்கொள்ளவே தேவையில்லை.

அல்னிகோ தண்டின் அடியிலேயே நியோடிமியத்தை ஒட்டி வலிமை ஏற்றலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். அதைச் செய்யாதீர்கள். துருவம் எதிராகப் பட்டுவிட்டால், நீக்குவிசை குறைந்த அல்னிகோ அந்த நொடியே வலிமை இழக்கும்; நியோடிமியத்தை எடுத்துவிட்டாலும் பழைய நிலை திரும்பாது.

ஐந்தாம் படி: சுருதிச் சோதனை

முழு வேலையிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். காந்தம் தந்தியைத் தன் பக்கம் இழுக்கிறது. தந்தி அருகே வரும்போது இழுப்பு கூடுகிறது, விலகும்போது குறைகிறது. இதனால் மேலும் கீழுமான அதிர்வின் அதிர்வெண் சிறிது தாழ்கிறது. பக்கவாட்டு அதிர்வு அதே அளவில் தாழ்வதில்லை. ஒரே தந்தியில் இரண்டு நெருங்கிய சுருதிகள் சேர்ந்து ஒலித்தால் விம்மல் பிறக்கும்: சுரம் நிற்கும்போது மெல்ல ஏறி இறங்கும் ஒரு அலைவு. ஃப்ரெட்டில் அழுத்தாமல் மீட்டும் மிகத் தடித்த ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸில் இது அவ்வளவாகத் தெரியாது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே போகப் போகத் தந்தியின் அதிரும் நீளம் குறைந்து, அதன் நடுப்பகுதி பிக்கப்பை நெருங்குவதால் நன்றாகக் கேட்கும்.

பிக்கப்பை முடிந்தவரை கீழே இறக்கி, டியூனரில் நான்கு தந்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஈ தந்தியின் பதினைந்தாம் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை வாசித்து, அது தானே அடங்கும்வரை விட்டு, டியூனரைக் கவனியுங்கள். அடுத்து பிக்கப்பின் திருகுகளை அரைச்சுற்று ஏற்றி அதையே செய்யுங்கள். எந்த உயரத்தில் டியூனரின் முள் ஆடத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு முழுச்சுற்று கீழேதான் உங்கள் எல்லை. அல்னிகோவுக்கு இரண்டரை, மூன்று மி.மீ. இடைவெளி வழக்கம் என்றால், நியோடிமியத்துக்கு 4 மி.மீ.-இல் தொடங்குவது நல்லது. அந்த எல்லைக்குள் ஒலி போதவில்லை என்று தோன்றினால் பிக்கப்பை மட்டும் ஏற்ற வேண்டாம். வில்லையை இன்னும் ஆழமாக இறக்கிவிட்டுப் பிக்கப்பை ஏற்றுங்கள். சுருள் தந்திக்கு அருகே வருவதால் ஒலி கூடும், காந்தம் விலகியே இருப்பதால் இழுப்பு கூடாது. தண்டுக் காந்தத்தில் செய்யவே முடியாத சரிக்கட்டல் இது.

சுருதி சரியானபின் தந்திகளின் ஒலியளவைச் சமப்படுத்துங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒரே விசையில் மீட்டிப் பதிவுசெய்து, அளவுமானியில் எது தாழ்கிறது என்று பார்த்து, அதன் குச்சிகளைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். தந்தியின் உலோகத்தையும் கவனத்தில் வையுங்கள்: தூய நிக்கல் சுற்றிய தந்தி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்றியதைவிட மெலிவாகவே பதில் சொல்லும். வேறு வகைத் தந்திக்கு மாறினால் இந்தச் சமப்படுத்தலை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: மெழுகில் முக்குதல்

எல்லாம் அமைந்தபின் குச்சிகளின் அடியில் அரால்டைட் இட்டு நிலைப்படுத்தி, ஒரு நாள் காயவிடுங்கள். சுருள் தளர்வாக இருந்து, ஒலி பெருக்கும்போது கீச்சிட்டால் மட்டுமே மெழுகு தேவை. நான்கு பங்கு பாரஃபினும் ஒரு பங்கு தேன்மெழுகும் கலந்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள்; நேரடி நெருப்பில் மெழுகை வைக்கவே கூடாது. வெப்பமானி 65 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பிளாஸ்டிக் பாபினுக்கும் 80 டிகிரி வரை தாங்கும் காந்தத்துக்கும் கேடு வராது. காற்றுக்குமிழி வருவது நின்றதும் எடுத்து, மேல் மெழுகைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஆறியதும் எட்டு இடங்களிலும் ஹால் சென்சாரால் மறுபடி அளந்து, முக்குவதற்கு முன் அதேபோல் அளந்து எழுதிவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஏதாவது ஒரு வில்லை மட்டும் தாழ்ந்து காட்டினால் அது சூடுபட்டது என்று பொருள். தந்திகளை மாட்டுவதற்கு முன்பே அதை மாற்றிவிடலாம்.